பல்செட்டின் கடைசிப் பத்து நிமிடம்

படம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது அவர் எழுந்துவிடுவார். கதாநாயகியின் கழுத்தில் கத்தி இருந்தாலும் சரி, இருபது வருடம் பிரிந்திருந்த அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி. கைக்கடிகாரத்தைத் திரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். மடியில் சிந்திய பாப்கார்னைத் தட்டிவிடுவார். பக்கத்தில் இருக்கும் நண்பரின் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "பாத்துட்டு வந்து சொல்லுடா" என்பார். பிறகு குனிந்தபடி, யார் காலையும் மிதிக்காமல், இருட்டில் படியிறங்கிப் போய்விடுவார். இதற்காகவே ஓரத்து இருக்கையாகப் பார்த்து வாங்குவார். படம் எத்தனை மணிக்கு முடியும் என்பதை டிக்கெட் வாங்கும்போதே கேட்டுவைத்துக்கொள்வார்.

போவது வண்டி எடுக்க. கல்யாணம் ஆகாத காலத்தில் ஒரு நாள், படம் விட்ட கூட்டத்தில் அவருடைய ஸ்கூட்டர் நடுவில் மாட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நகரவில்லை. அன்றைக்கு அவர் செய்துவைத்த பல்செட்டை வாங்கிக்கொண்டு போக ஒரு பெண்ணின் அப்பா காத்திருந்தார். மறுநாள் மகளுக்குக் கல்யாணம். இவர் போய்ச் சேர்வதற்குள் மனிதர் கிளம்பிவிட்டார். கல்யாணப் போட்டோ முழுக்க வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாராம். "பொண்ணைப் பெத்தவர் சார், சிரிக்கக்கூட முடியல. அந்த ஆல்பத்தை நான் பாத்தேன். அன்னியிலேர்ந்து கிளைமாக்ஸ் எனக்கு வேணாம்னு விட்டுட்டேன்" என்றார் என்னிடம்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவருடைய அடையாள அட்டைக்குத்தான் தெரியும். மற்ற எல்லாருக்கும் அவர் பல்செட். ஒரு பல் மருத்துவரின் பின்னறையில் உட்கார்ந்து முப்பத்திரண்டு வருடமாகப் பல்செட் செய்கிறார். "பல்லுக்கு ஒரு வருஷம் சார். அடுத்த வருஷத்துக்கு வாயில எடம் இல்ல" என்பார். ஒல்லியான உடம்பு. புருவத்தில் எப்போதும் கொஞ்சம் மாவு ஒட்டியிருக்கும், அச்சு வார்க்கிற வெள்ளை மாவு. அவருடைய சொந்த முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கிறது. ஏன் சரிசெய்துகொள்ளவில்லை என்று கேட்டேன். "வர்றவங்க பாதிப் பேர் வெக்கப்பட்டுக்கிட்டு வாயைத் தெறக்க மாட்டாங்க. என்னைப் பாத்ததும் தெறந்துடுவாங்க" என்றார்.

அந்த அறை ஓர் ஆள் கை நீட்டினால் இரண்டு சுவரையும் தொடும் அளவுதான். அலமாரி முழுக்க ஊராரின் தாடைகள், வெள்ளையாக, ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் பெயர் எழுதி. மேசையில் ஒரு சின்ன ஸ்பிரிட் விளக்கு, ஈறு நிறத்தில் மெழுகுத் தகடுகள், அட்டையில் ஆறு ஆறாக வரிசை கட்டிய பற்கள். ஒரு பல்லை எடுத்து மெழுகில் நட்டு, தள்ளி வைத்துப் பார்த்து, அரை நூல் திருப்பி, மறுபடி தள்ளி வைத்துப் பார்ப்பார். எல்லாப் பல்லும் நேராக இருந்தால் அவருக்குப் பிடிக்காது. "வரிசையா வெச்சா கடையில வாங்கினதுன்னு தெரிஞ்சுடும். ஒண்ணு கொஞ்சம் கோணலா இருக்கணும். அப்பத்தான் அது அவங்க பல்லு."

நான் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவன். குளியலறையில் வழுக்கி விழுந்து மேல்வரிசையில் நான்கு பற்களைப் பறிகொடுத்துவிட்டு அவரிடம் போய்ச் சேர்ந்தேன். பல்லை மாட்டிவிட்டு, கண்ணாடிகூடக் காட்டாமல், எதிரில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கடைசியா என்ன படம் பாத்தீங்க? கதையைச் சொல்லுங்க" என்றார். எனக்குக் கோபம் வந்தது. வலியோடு உட்கார்ந்திருப்பவனிடம் சினிமாக் கதை கேட்கிற ஆளை அதுவரை நான் பார்த்ததில்லை.

அதுதான் அவருடைய முறை என்பது பிறகுதான் தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று சொல்லச் சொன்னால் எல்லாரும் பல்லை நினைத்துக்கொண்டே சொல்வார்களாம். கதை சொல்லச் சொன்னால் கொஞ்ச நேரத்தில் பல் மறந்துபோகும், நாக்கு தன் வேலையைப் பார்க்கத் தொடங்கும். எங்கே காற்று சீறுகிறது, எங்கே தட்டுகிறது என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். இடையில் ஒரு வார்த்தை பேச மாட்டார். தடுமாறினால் எடுத்துக்கொடுக்கவும் மாட்டார். நான் இடைவேளைவரை சொல்லி முடித்தபோது கண்ணைத் திறந்தார். "எடது பக்கம் ரெண்டாவது கொஞ்சம் நீளம். கழட்டுங்க" என்றார். பல்லை ராவிக்கொண்டே, "மிச்சக் கதையைச் சொல்லாதீங்க. அந்தப் படம் நான் இன்னும் பாக்கல" என்றார்.

அப்படித்தான் சிநேகம் ஆனோம். அவரோடு படம் பார்ப்பது தனி அனுபவம். நமக்குக் கண்ணீர் முட்டும் இடத்தில் அவர் நம் காதருகே வந்து, "பாத்தீங்களா, மேல நாலும் கட்டுனது. பனியன் கம்பெனியில மூட்டை தூக்கறவனுக்கு இவ்வளவு வெள்ளையா பல்லு எங்கேர்ந்து வந்துச்சு?" என்பார். வில்லன்கள்மேல் அவருக்கு மரியாதை உண்டு. அவர்களுக்குத்தான் சொந்தப் பல்லாம்.

அந்தத் தோள்தட்டுக்கு உரிய நண்பர் ஒரு மரச்சாமான் கடையில் விற்பனையாளர். அவரை எல்லாரும் சோஃபா என்பார்கள். இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. கடையில் சோஃபாவுக்கு வாய் ஓயாது. "சும்மா உக்காந்து பாருங்க மேடம், காசா பணமா? சார், நீங்களும் உக்காருங்க. பாருங்க, ரெண்டு பேர் மூஞ்சியும் மாறிடுச்சு!" என்று பேசியே, முக்காலி வாங்க வந்தவர்கள் தலையில் மூன்று பேர் சோஃபாவைக் கட்டி அனுப்புவார். ஊருக்கெல்லாம் விற்கிற மனிதர், பல்செட் எதையாவது வாங்கப் போனால் மட்டும் ஒரே வார்த்தைதான் சொல்வார்: "வேணாம்."

முப்பது வருடமாக அவர் "சரி" சொல்லாமல் பல்செட் எதுவும் வாங்கியதில்லை. செருப்பிலிருந்து துவைக்கிற இயந்திரம்வரை சோஃபாவைக் கூட்டிக்கொண்டுதான் கடைக்குப் போவார். சோஃபா பொருளைச் சுற்றி வருவார், தட்டுவார், கடைக்காரரின் முகத்தைப் பார்ப்பார், தலையை ஆட்டுவார். வாங்காமல் விட்ட பொருள்களைப் பற்றி பல்செட் ஆசை தீரப் பேசுவார். மின்சாரத்தில் ஆடும் நாற்காலி, கடலுக்கடியில் நூறு அடிவரை வேலை செய்யும் கடிகாரம், புல் வெட்டும் கருவி. "ஏன்டா, எங்கேடா இருக்கு ஒனக்குப் புல்லு?" என்று சோஃபா கேட்டாராம்.

படம் விட்டதும் சோஃபா வெளியே வருவார். வாசலுக்கு நேரே ஸ்கூட்டர் உறுமிக்கொண்டு நிற்கும். பின்னால் ஏறி உட்கார்ந்து, இவர் தோளில் முகவாயை வைக்காத குறையாக, முடிவைச் சொல்லத் தொடங்குவார். தியேட்டரிலிருந்து சோஃபா வீட்டுக்கு எட்டு நிமிடம். சண்டை, சாவு, சமாதானம் எல்லாம் அந்த எட்டு நிமிடத்தில் அடங்கும். வசனத்தைக்கூட விடமாட்டார். பல்செட் எந்தப் படத்தின் முடிவையும் பிறகு தொலைக்காட்சியில் போட்டாலும் பார்ப்பதில்லை. "எதுக்கு சார்? என் தலைக்குள்ள எல்லாப் படமும் அவன் குரல்லதான் முடியும்" என்றார்.

அதில் ஒரு மோசடியும் உண்டு. பல்செட் சீக்கிரம் கண் கலங்குகிறவர். அதனால் சாகிற கதாநாயகர்கள் பலரை சோஃபா வழியிலேயே பிழைக்க வைத்திருக்கிறார். ஒரு தடவை, நாற்காலியில் உட்கார்ந்து புதுப் பல்லோடு கதை சொன்ன ஒரு அம்மா, ஒரு பழைய படத்தின் கதாநாயகனை ஆற்றில் மூழ்கடித்துவிட்டார். இவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. "பதினஞ்சு வருஷமா எனக்கு அவன் உயிரோட இருந்தான் சார். கல்யாணம் ஆகி, ரெண்டு புள்ளைங்க வேற!" என்று சொல்லிச் சிரித்தார். சோஃபாவிடம் இதைப் பற்றிக் கேட்கவே இல்லையாம். கேட்டால் அப்புறம் உண்மையைச் சொல்லத் தொடங்கிவிடுவானே என்ற பயம்.

போன வருடம் கடையில் ஒரு கட்டிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே சோஃபாவின் பேச்சு குழறியது. பக்கவாதம். உயிர் பிழைத்தார். வலது காலும் கையும் மெல்ல மெல்லப் பாதி திரும்பின. பேச்சு திரும்பவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிந்தது. அவர் சொல்ல நினைத்ததற்கு மட்டும் வார்த்தை கிடைக்கவில்லை. தண்ணீர் என்ற சொல்லுக்காக அவர் கண்ணை மூடிக்கொண்டு தேடுவதை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பார்க்க முடியாமல் நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவருடைய மனைவி பொறுமைசாலி. பொறுமையைவிட அன்பு அதிகம். அவர் வாயைத் திறப்பதற்குள், "தண்ணியா? விசிறியா? தலைவலிக்குதா?" என்று வரிசையாக எடுத்துக்கொடுப்பார். சோஃபா தலையாட்டுவார். சில வாரத்தில் தலையாட்டுவது மட்டுமே மிஞ்சியது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "வார்த்தை எல்லாம் உள்ளேதான் இருக்கும்மா. எடுக்க நேரம் ஆகுது, அவ்வளவுதான். நீங்க எடுத்துக் குடுத்துக்கிட்டே இருந்தா தேடறதையே விட்டுடுவாரு. தேடறதை விட்டுட்டா அப்புறம் வராது." பல்செட் அப்போது அந்த அறையில் இருந்தார். முக்காலியை இழுத்துப் போட்டு நண்பனின் எதிரே உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த வாரம் அவர் ஒரு பழைய கார் கொண்டுவந்தார். கத்தரிப்பூ நிறம். ஒரு கதவு மட்டும் வேறு நிறம். சோஃபாவைச் சக்கர நாற்காலியில் வைத்து வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து, "வாங்கலாமாடா?" என்று கேட்டார். சோஃபா காரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். நல்ல காலை நீட்டி டயரை ஓர் உதை விட்டார். அந்த வேறு நிறக் கதவை வெகுநேரம் பார்த்தார். பிறகு தெளிவாக, கடைப் பேச்சின் பழைய அதிகாரத்தோடு, "வேணாம்" என்றார். ஆறு வாரத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. மனைவி அப்படியே படியில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

பல்செட் அந்தக் காரை வாங்கிவிட்டார். நண்பன் வேண்டாமென்று சொல்லியும் அவர் வாங்கிய ஒரே பொருள் அதுதான். "ஸ்கூட்டர்ல அவனால உக்கார முடியாது சார். படத்துக்கு எப்படிக் கூட்டிட்டுப் போறது?" என்றார். வாங்கினாரே தவிர, பெட்ரோல் விஷயத்தில் கை சுருக்கம் போகவில்லை. சிவப்பு விளக்கு விழுந்ததும் எஞ்சினை அணைத்துவிடுவார். பின்னால் நிற்பவர்கள் என்ன திட்டினாலும் பச்சை விழுந்த பிறகுதான் சாவியைத் திருப்புவார்.

ஞாயிறு மதியக் காட்சிக்கு மறுபடி போகத் தொடங்கினார்கள். கைத்தடியோடு படியேறுகிற நண்பருக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். படம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது வழக்கம்போல பல்செட் எழுந்தார். தோளைத் தட்டினார். "பாத்துட்டு வந்து சொல்லுடா." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தண்ணீர் என்று சொல்ல முடியாதவரிடம் கிளைமாக்ஸைக் கேட்கிறாரே!

ஆனால் சோஃபா சொன்னார். முன் இருக்கையில் உட்கார்ந்து, இடது கையை ஆட்டி, ஒரு சொல், பெருமூச்சு, இன்னொரு சொல் என்று சொன்னார். பல்செட் சாலையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டே ஓட்டினார். "ம்" மட்டும் கொட்டினார். இப்படி நான்கைந்து ஞாயிறு போயிற்று. சில நாள் மூன்று சொல், சில நாள் முழு வாக்கியம். ஒரு நாள் கதாநாயகன் செத்த படத்தில் சோஃபா தட்டுத்தடுமாறி, "பொழச்... பொழச்சுட்டான்" என்றார். நான் பின்னால் உட்கார்ந்து பேசாமல் இருந்தேன். பொய் சொல்லத் தெரிகிற அளவுக்குத் தேறிவிட்டாரே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அதற்கு அடுத்த ஞாயிறுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். கார் வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டது. மனைவி கதவைத் திறந்துவிட்டார். சோஃபா இன்னும் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டிருந்தார். "அவ கையில... வெரல்ல... போட்டு..." என்று தன் விரலையே பிடித்துப் பிடித்து இழுத்தார். காலமெல்லாம் விட்டுப்போன சொல்லை ஓரத்தில் எழுதியே பழகிய கை என்னுடையது. காலி இடத்தைப் பார்த்தால் சும்மா இருக்காது. "மோதிரம்" என்றேன்.

சோஃபாவின் விரல் அப்படியே நின்றது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தடியை ஊன்றி இறங்கி உள்ளே போய்விட்டார். பல்செட் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவனே வந்திருப்பான் சார்" என்று மட்டும் சொன்னார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அடுத்த ஞாயிறு சோஃபா வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. வீட்டில் பேசுவதையும் நிறுத்திவிட்டார் என்று அவர் மனைவி போனில் சொன்னார். "வேணாம்னு சொல்றதுக்குக்கூட தலையைத்தான் ஆட்டறாரு." பயிற்சி கொடுக்கும் பெண் வந்தாலும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாராம்.

பல்செட் மட்டும் விடாமல் படத்துக்குப் போனார். என்னையும் கூட்டிப்போனார். பத்து நிமிடம் முன்னால் எழுந்தார். யார் தோளையும் தட்டவில்லை. நான் முழுப் படமும் பார்த்துவிட்டு வந்து காரில் ஏறியதும் கையைத் தூக்கித் தடுத்துவிடுவார். "நீங்க சொல்லக் கூடாது." நேரே சோஃபா வீட்டுக்குப் போய், முக்காலியில் உட்கார்ந்து, படத்தின் கதையைக் கடைசிப் பத்து நிமிடம் நீங்கலாக ஒன்றுவிடாமல் சொல்வார். பற்களின் நிலவரம் உட்பட. பிறகு எழுந்து வந்துவிடுவார். மூன்றாவது ஞாயிறு கிளம்பும்போது வாசற்படியில் நின்று, "மூணு படம்டா. மூணும் அந்தரத்துல நிக்குது. அந்தப் பொண்ணு அப்பாவோட பேசினாளா இல்லையான்னுகூடத் தெரியாம நான் வாரம் பூரா பல்லு வெச்சுக்கிட்டு இருக்கேன்" என்றார். சோஃபா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது நான் மெதுவாகக் கேட்டேன். "நீங்க முன்னாடியே ஒரு தடவை முழுசா பாத்து வெச்சுக்கிட்டா என்ன? அவர் என்ன சொல்ல வர்றாருன்னாவது புரியுமே." அவர் எஞ்சினை அணைத்தார். சிவப்பு விழுந்திருந்தது. "எனக்குத் தெரிஞ்சா என் மூஞ்சி காட்டிக் குடுத்துடும் சார். அவன் முப்பது வருஷம் கடையில மூஞ்சி பாத்தே வியாபாரம் பண்ணவன். எனக்கு நிஜமாவே தெரியக் கூடாது. அப்பத்தான் அவன் சொல்லுவான்" என்றார்.

நான்காவது ஞாயிறு காலை சோஃபாவின் மனைவி பல்செட்டைப் போனில் கூப்பிட்டார். "அண்ணே, அவரே ஷூ எடுத்து மாட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. எங்கேன்னு கேட்டா வாசலைக் காட்டறாரு" என்றாராம். நாங்கள் போனபோது இரண்டு ஷூவும் கால் மாறியிருந்தன. பல்செட் உட்கார்ந்து கழற்றி மாற்றிப் போட்டுவிட்டார். காரில் ஏறியதும் சோஃபா பின்னால் திரும்பி என்னைப் பார்த்தார். ஆள்காட்டி விரலைத் தன் உதட்டின்மேல் வைத்தார். "வேணாம்" என்றார். நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக் காட்டினேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குக் கண் கலங்கியது.

அந்தரத்தில் நின்ற மூன்றில் ஒன்று, அப்பாவோடு பேசாத பெண்ணின் படம், இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கே போனோம். பத்து நிமிடம் முன்னால் பல்செட் எழுந்தார். இந்தத் தடவை தோளைத் தட்டினார். "பாத்துட்டு வந்து சொல்லுடா."

காரில் ஏறி, கதவைச் சாத்தி, தடியை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்திய பிறகு சோஃபா தொடங்கினார். "ரயிலு" என்றார். இரண்டு தெரு கழித்து, "அவ ஏறிட்டா" என்றார். சிவப்பு விளக்கில் எஞ்சின் அணைந்தது. அந்த அமைதியில், "அப்பன்... ஓடறான்" என்றார். பச்சை விழுந்தது.

"ம்" என்றார் பல்செட்.

"மழை. ஓடறான். சன்னல்கிட்ட... கையில..." சோஃபா நின்றார். இடது கையை உயரத் தூக்கினார். அதன்மேல் வலது கையைக் கொண்டுபோய் விரல்களை விரிக்கப் பார்த்தார். அவை விரியவில்லை. "கையில... மழைக்கு... மழைக்கு..."

நான் படத்தைப் பார்த்தவன். அந்தச் சொல் எனக்குத் தெரியும். அவர் கையைப் பார்த்த யாருக்குமே தெரிந்துவிடும். அது வந்து, பல்செட் செய்து மாட்டிய என் நான்கு பற்களின் பின்னால் நின்றுகொண்டிருந்தது. நான் பற்களை அழுத்திக் கடித்துக்கொண்டேன்.

"மழைக்கு..." நெற்றியில் வேர்த்தது அவருக்கு. கண்ணை இறுக மூடிக்கொண்டார். தூக்கிய கையை மட்டும் இறக்கவில்லை. பல்செட் அவர் பக்கம் திரும்பவில்லை. உடைந்த முன்பல் தெரிய, வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு, கதை கேட்கிற குழந்தையாகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணுக்கும் அவள் அப்பாவுக்கும் என்ன ஆயிற்று என்று அவருக்கு உண்மையிலேயே தெரியாது.

சோஃபாவின் தெருமுனை வந்தது. பழக்கதோஷத்தில் பல்செட்டின் விரல் இண்டிகேட்டரைப் போட்டுவிட்டது. டிக் டிக் என்று அது அடித்துக்கொண்டது. தெருவுக்குள் மூன்றாவது வீட்டு வாசலில் அவர் மனைவி நின்று நாங்கள் வருகிறோமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மழைக்கு..." என்றார் சோஃபா, மறுபடியும், முதலிலிருந்து.

பல்செட் ஒரு விரலால் இண்டிகேட்டரை அணைத்துவிட்டு, தெருவைத் தாண்டி நேராக ஓட்டினார்.